நெடுஞ்சாலையில் மட்டும் கொதித்த கார்

ரேடியேட்டரக்கா எந்தக் காரின் பானெட்டைத் தூக்கினாலும் முதலில் செய்கிற வேலை, அந்தக் காரைப் பார்க்காமல் இருப்பதுதான். இரண்டு கைகளையும் உள்ளே விடுவாள். என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் போகிற மேல் ஹோஸை வலது புறங்கை தொடும். ஆறின தண்ணீர் என்ஜினுக்குத் திரும்புகிற கீழ் ஹோஸை இடது புறங்கை தொடும். முகம் மட்டும் தெருப்பக்கம் திரும்பியிருக்கும். எதிர் மாடியில் காய்கிற சட்டைகளில் எதற்குப் பொத்தான் இல்லை என்று ஆராய்கிறவள் போல நிற்பாள். புதிதாக வருகிற ஆள், அக்கா யாருக்கோ காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தானும் தெருவைப் பார்ப்பான்.

விரல் நுனியால் தொட மாட்டாள். உள்ளங்கை வேண்டவே வேண்டாம். அது ஸ்பேனர் பிடித்துப் பிடித்து மரத்துப்போனது, அதன் பேச்சை நம்ப முடியாது என்பாள். மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்றால் நடுவில் எங்கோ அடைப்பு. இரண்டும் ஒரே சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் ஆறவில்லை. இவ்வளவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொல்லி முடித்துவிடுவாள். ஏன் பார்க்காமல் தொடுகிறாய் என்று கேட்டால், "கண்ணு முழிச்சிருந்தா கை தூங்கிடும்" என்பாள்.

அவள் பிறந்த வீட்டில் சலவைக் கடை இருந்தது. இஸ்திரிப் பெட்டிக்கு அருகில் புறங்கையைக் கொண்டுபோய், இது பருத்திக்கு ஆகும், பட்டுக்கு ஆகாது என்று சொல்லிப் பழகிய கை அது. கல்யாணமாகி வந்த வீட்டில் ஒட்டினாற்போல ஒரு பட்டறை. சுவரோரம் ரேடியேட்டர்கள் சாய்ந்து நிற்கும். நடுவில் ஒரு சிமென்ட் தொட்டி. அவள் கணவர் ஓட்டை ரேடியேட்டரை அந்தத் தொட்டியில் முக்கி, குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து ஈயம் வைத்து அடைப்பார். தெருவில் அவருக்குப் பெயர் பத்தவைப்பு. அவர் அடைத்த இடம் மறுபடி ஒழுகியதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் ஒழுகாத ரேடியேட்டரோடு போன கார் அதே கொதிப்போடு திரும்பி வரும். அவருக்குக் கோபம் வரும். "என் வேலையில குத்தம் இல்ல" என்று தொட்டியைத் தட்டுவார். வாசல்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த புதுப்பெண் ஒருநாள் டிரைவரிடம், "ஏத்தத்துல கொதிக்குதா, சும்மா நிக்கும்போது கொதிக்குதா?" என்று கேட்டாள். பிறகு வாசல்படியிலிருந்து இறங்கினாள். மறுபடி ஏறவே இல்லை என்று பத்தவைப்பு சொல்லிச் சிரிப்பார். நோயைப் பார்ப்பது அவள், கத்தி வைப்பது அவர் என்று வேலை பிரிந்துபோய் வெகு காலமாகிறது.

அந்த மத்தியானம் பட்டறைக்குள் நுழைந்தது வெளியார் வண்டி இல்லை. கொழுந்தனுடையது. பத்தவைப்பின் தம்பி அவன், வாடகைக் கார் ஓட்டுகிறவன், தெருவில் அவனை ஹாரன் என்பார்கள். ரகசியம் சொன்னாலும் மூன்றாவது வீட்டில் பதில் வரும். அவன் காரில் ஹாரன் மட்டும் கம்பெனியிலிருந்து வந்தபடியே புதிதாக இருக்கிறது, அதற்கு வேலையே வரவில்லை என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

"அண்ணி, இத இன்னிக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா தீ வச்சுக் கொளுத்திடறேன்."

"கொளுத்தறதுன்னா உங்கண்ணன்கிட்ட சொல்லு. அவர்கிட்டதான் கேஸ் சிலிண்டர் இருக்கு" என்றாள் அக்கா. "முதல்ல உக்காந்து தண்ணி குடி. நீயே கொதிச்சுப்போயிருக்க."

அவன் கொதிப்பதற்குக் காரணம் இருந்தது. குடிநீர் வாரியத்தில் பம்ப் நிலையங்களைச் சோதிக்கிற அதிகாரி அம்மாள் ஒருவர், நெடுஞ்சாலை நெடுக இருக்கிற நிலையங்களுக்குப் போய்வர இவன் காரை வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். வருஷம் முழுக்க வேலை. முதல் பயணத்தில் கார் நடுவழியில் ஆவி கக்கியது. இரண்டாம் பயணத்திலும் அதே. நாளைக் காலை மூன்றாவது பயணம். இந்தத் தடவையும் நின்றால் அந்த அம்மாள் வேறு காரில் ஏறிக்கொள்வார்.

வேலை போனால் தவணை கட்ட முடியாமல் கார் போகும், கார் போனால் ஹாரனுக்கு ஒரே ஒரு இடம்தான் பாக்கி. மாமனாரின் கண்ணாடிக் கடை. தரையிலிருந்து கூரை வரை நிலைக்கண்ணாடிகளும் ஜன்னல் கண்ணாடிகளும் அடுக்கிய நீளமான கடை அது. மாமனார் மெதுவாக நடந்து, மெதுவாகப் பேசி, வைர முனையால் கீறி, 'டிக்' என்று உடைக்கிற சத்தம்தான் அங்கே நாள் முழுக்கக் கேட்கிற பெரிய சத்தம். பார்க்கும்போதெல்லாம் அவர் மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எனக்குப் பக்கத்துல உங்களுக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுட்டேன். எப்ப வேணா வாங்க." அந்த ஸ்டூல் ஹாரனின் கனவில் வந்தது.

"அண்ணி, அங்க உக்காந்தா நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் மூஞ்சிதான் தெரியும். பைத்தியம் புடிச்சிடும்."

"எங்களுக்கு மட்டும் புடிக்கலையா?" என்றார் பத்தவைப்பு, தொட்டிக்குப் பின்னாலிருந்து.

அக்கா சிரிக்கவில்லை. கேட்க ஆரம்பித்தாள்.

"டவுனுக்குள்ள ஓட்டும்போது?"

"பச்சத்தண்ணி மாதிரி இருக்கு."

"சிக்னல்ல நிக்கும்போது?"

"சூட்டு முள்ளு அசையாது."

"ஹைவேல?"

"கொஞ்ச தூரம் ஒழுங்கா போகும். வேகம் புடிச்சு ஓட்டினா முள்ளு ஏற ஆரம்பிச்சுடும். மெதுவா போனா எறங்கிடும். மெதுவா போறதுக்கு அந்தம்மாவுக்கு என் கார் எதுக்கு, நடந்தே போயிடுவாங்களே!"

"நிறுத்தி பானெட்டைத் தொறந்தா?"

"எல்லாம் இருக்கற எடத்துல இருக்கு. ஒழுகல, அறுந்து தொங்கல, ஃபேன் ஓடுது. நான் போய் நிக்கற பட்டறையில எல்லாம் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு, ஒண்ணுமில்லையேன்னு என்னையே ஒரு மாதிரி பாக்கறாங்க."

அக்காவுக்கு இந்த விஷயம் பிடித்துப்போனது. கொதிக்கிற கார்கள் நெரிசலில் கொதிக்கும், வெளியே போய்க் காற்று பட்டால் அடங்கும். அதுதான் ஊர் வழக்கம். இது காற்றில் கொதித்து, நெரிசலில் அடங்குகிறது. வீட்டில் சாதுவாக இருந்துவிட்டு வெளியே போனால் மட்டும் சண்டை போடுகிற பிள்ளை.

மாற்றாத சாமான் இல்லை. சூடேறியதும் தண்ணீருக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாட் புதிது. ரேடியேட்டர் மூடி புதிது. வாட்டர் பம்ப் புதிது. ரேடியேட்டரைப் பத்தவைப்பே இறக்கி, உள்ளே கம்பி விட்டுச் சுத்தம் செய்து, தொட்டியில் முக்கிப் பார்த்து மாட்டியிருந்தார். ஆகவே அவருக்கு இப்போது ஒரே முடிவுதான்: என்ஜின் தலைக்கு அடியில் தண்ணீரும் எண்ணெயும் கலக்காமல் காக்கிற தகடு போய்விட்டது.

"ஹெட் கேஸ்கட்தான். வேற என்ன மிச்சம் இருக்கு? ஹெட்டைக் கழட்டிப் பாத்துடலாம்."

"கழட்டினா நாளைக்குக் காலையில வண்டி ஓடுமாண்ணே?"

"எப்படி ஓடும்? நீ என்ன தொப்பியக் கழட்டி மாட்டற வேலைன்னு நெனச்சியா?"

அக்கா எண்ணெய் மூடியைத் திருகி அதன் உள்பக்கத்தைப் பார்த்தாள். தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும். இது சுத்தமான கறுப்பு. என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பச் சொன்னாள். கேஸ்கட் போயிருந்தால் தண்ணீரில் குமிழி மேல் குமிழியாக வரும். தண்ணீர் கண் சிமிட்டாமல் நின்றது. பின்னால் போய்ப் புகைக்குழாயிடம் குனிந்தாள். வெள்ளைப் புகை இல்லை, குளிர்விப்பான் திரவம் எரிகிற இனிப்பு வாசனையும் இல்லை.

"கேஸ்கட் இல்ல" என்றாள், மூடியை இறுக்கிக்கொண்டே.

"முடி மாதிரி விரிசல் இருந்தா சூடானாத்தான் காட்டும்" என்றார் பத்தவைப்பு. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்படி ஒரு காரை இருவரும் சேர்ந்தே பார்த்திருக்கிறார்கள்.

"காட்டட்டும். காட்டாம நீங்க ஹெட்டுல கை வைக்கக் கூடாது."

"அப்ப உங்கிட்ட வேற காரணம் இருக்கா?"

"இல்ல."

"இல்லாமயே இவ்வளவு தைரியமா?"

"இல்லைன்னு தெரிஞ்சத இல்லைன்னு சொல்ல என்னங்க தைரியம் வேணும்? இருக்கறது வரும், இருங்க."

என்ஜின் சூடேறட்டும் என்று ஓடவிட்டார்கள். அக்கா தன் இடத்துக்கு வந்தாள். வலது கை மேலே, இடது கை கீழே, முகம் தெருவுக்கு. மேல் ஹோஸ் மெல்லச் சூடேறியது. தெர்மோஸ்டாட் திறந்ததும் கீழ் ஹோஸில் இளஞ்சூடு வந்து பரவியது. ஓட்டம் சரி. எல்லாமே சரி. இதே மாதிரிதான் எல்லாப் பட்டறையிலும் எல்லாம் சரியாக இருந்திருக்கும். எதிர் மாடியில் ஒரு நீலச் சட்டை காற்றில் உப்பி, மறுபடி தொய்ந்தது. கீழ் ஹோஸைப் புறங்கையால் தொட்டிருந்தவள், சூடு தாங்குகிற அளவில்தான் இருந்ததால், யோசனையில் அதை அப்படியே கைக்குள் பிடித்துக்கொண்டாள். வழக்கமாக அப்படிச் செய்யாதவள்.

டிரைவர் இருக்கையில் ஹாரன் உட்கார்ந்திருந்தான். அவன் அண்ணன் ஜன்னலோரம் நின்று, ஹெட்டைக் கழற்ற வேண்டிய அவசியத்தை மறுபடியும் முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, ஹெட்டு ஹெட்டுன்னு சொன்னீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்!"

ஹாரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. இருக்கையில் உட்கார்ந்து கோபப்பட்டால் வாயோடு காலும் சேர்ந்துகொள்ளும். 'வரும்' என்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தான். என்ஜின் உறுமியது.

அக்காவின் இடது கைக்குள் இருந்த ஹோஸ் ஒல்லியானது.

தெருவைப் பார்த்திருந்த முகம் திரும்பவில்லை. ஆனால் கண் அகன்றது. உறுமல் அடங்கியதும் ஹோஸ் உப்பிப் பழையபடி கையை நிறைத்தது. நடந்ததா, நடக்கவில்லையா என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகமாக இருந்தது.

"டேய், இன்னொரு தடவ திட்டு."

"என்னண்ணி?"

"உங்கண்ணனைத் திட்டுடா. இப்ப திட்டின மாதிரியே."

பத்தவைப்பு மனைவியைப் பார்த்தார். "நல்லாத்தானே இருந்த?"

"நீங்க அவனைக் கெளப்பிவிடுங்க. ஹெட்டைப் பத்திப் பேசுங்க."

"ஹெட்டைக் கழட்டித்தான் ஆகணும்" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

"கழட்டுவீங்க, கழட்டுவீங்க! உங்க பொண்டாட்டி வேணாம்னு சொல்றாங்க, காது கேக்கலையா உங்களுக்கு!" அந்த 'உங்களுக்கு'வில் கால் முழுசாகப் போனது.

இந்தத் தடவை அக்கா முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். கீழ் ஹோஸ் வளைகிற இடத்தில் இரண்டு பக்கமும் உள்ளே அமுங்கி, ஒன்றையொன்று முத்தமிட்டு நின்றன. உறிஞ்சி முடித்த ஸ்ட்ராவைச் சிறுபிள்ளை விடாமல் உறிஞ்சினால் அது ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி. பம்ப் வேகமாகச் சுற்றச்சுற்றத் தண்ணீரை இழுக்கிறது. இழுக்கிற இழுப்புக்கு இந்த ஹோஸ் தாங்காமல் ஒட்டிக்கொள்கிறது. வழி அடைந்ததும் என்ஜினுக்குத் தண்ணீர் இல்லை. கார் நின்றால் பம்பும் தளர்கிறது, ஹோஸ் உப்பிக்கொள்கிறது. அடைத்துக்கொண்ட தடயமே இருக்காது. பானெட்டைத் திறக்க வேண்டுமானால் காரை நிறுத்த வேண்டும். காரை நிறுத்தினால் திருடன் சட்டையை மாற்றிக்கொண்டு நல்லவனாக நிற்கிறான்.

"காலை எடுக்காத. அப்படியே மிதிச்சுக்கோ. ஏங்க, இங்க வந்து பாருங்க."

பத்தவைப்பு வந்து குனிந்தார். பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டு, "சண்டாளி" என்றார். ஹோஸைச் சொன்னாரா மனைவியைச் சொன்னாரா என்பதை அவள் விசாரிக்கவில்லை.

என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ஹோஸைக் கழற்றினார்கள். வெளியே புதுசு போலத்தான் இருந்தது. நடுவில் அழுத்தினால் பழுத்த பழம் மாதிரி விரல் உள்ளே போனது. அக்கா அதற்குள் விரலை விட்டுத் துழாவினாள்.

"இதுக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கணுமே. எங்க அது?"

ஹாரன் முதல்முறையாக மெதுவாகப் பேசினான். "எந்த ஸ்பிரிங் அண்ணி?"

"இந்த நீளத்துக்குச் சுருள் சுருளா. ஹோஸ் ஒட்டிக்காம இருக்க உள்ள நிக்கும்."

ஹாரன் தரையைப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான். பிறகு மறுபடி தரையை.

"ஹோஸை நாந்தான் மாத்தினேன். போன வருஷம். பழசு வெடிச்சிருந்துச்சு. அதுக்குள்ள துருப்புடிச்ச கம்பிச் சுருள் ஒண்ணு கெடந்துச்சு. எவனோ வேல செய்யும்போது தவறிப் போட்டுட்டான்னு நெனச்சேன். வண்டியச் சுத்தமா வச்சுக்கணுமேன்னு..."

"சுத்தமா?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

அவன் காரில் ஒரு மணல் துகள் இருந்தாலும் ஏறுகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பான். கண்ணாடிக்கு ஒரு துணி, சீட்டுக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு ஒரு துணி. அந்தச் சுத்தம்தான் அவனை நெடுஞ்சாலையில் நிறுத்தியிருக்கிறது.

"மாத்தின உடனே கொதிக்கலையே அண்ணி? அதுக்கப்புறம் மாசக்கணக்கா நல்லா ஓடுச்சே!"

"புது ரப்பர் வெறப்பா இருந்திருக்கும். சூடு பட்டுப் பட்டுத்தான் தொய்ஞ்சுபோச்சு. அதான் உனக்கும் சந்தேகம் வரல, வேற யாருக்கும் வரல." அவள் குரலில் குத்தல் இல்லை. கண்டுபிடித்த சந்தோஷம் அதற்கு இடம் வைக்கவில்லை.

அடுத்த தெரு உதிரிப்பாகக் கடைக்கு ஓடிய ஹாரன் புது ஹோஸோடு வந்தான். ஸ்பிரிங் இல்லாத ஹோஸ். இந்த மாடலுக்கு இப்படித்தான் வருகிறதாம், பழைய ஸ்பிரிங்கை எடுத்து இதில் போட்டுக்கொள்ள வேண்டுமாம். "பழச எவனாவது தூக்கிப் போடுவானான்னு கேக்கறான் அண்ணி அந்தக் கடைக்காரன்" என்று அவனே சொல்லி அவனே நொந்துகொண்டான்.

"ஸ்பிரிங் நான் தர்றேன்" என்றார் பத்தவைப்பு.

மத்தியானத்திலிருந்து தோற்றுக்கொண்டிருந்த முகத்தில் இப்போது வெளிச்சம் வந்தது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஒரு வளையம் எங்கேயோ ரேடியேட்டர்களுக்குப் பின்னால் இருந்தது, அதை உருவினார். ஹோஸின் வாயை அளந்து, அதைவிடக் கொஞ்சம் ஒல்லியான இரும்புத் தடி ஒன்றை மேஜையில் பொருத்திய வைஸின் தாடைகளுக்கு நடுவில் இறுக்கினார். கம்பியின் ஒரு முனையைத் தடியோடு கவ்வக் கொடுத்து, மறுமுனையை இடுக்கியால் இழுத்துப் பிடித்துக்கொண்டு தடியைச் சுற்றிச்சுற்றி வந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சுருள்கள் ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில் வந்து உட்கார்ந்தன. கூர்முனை ரப்பரைக் குத்தாமல் இரண்டு நுனிகளையும் உள்பக்கமாக மடித்துவிட்டார். தடியிலிருந்து விடுபட்டதும் ஸ்பிரிங் ஒரு சுற்றுச் சிலிர்த்துத் தளர்ந்தது. ஹோஸுக்குள் திருகி நுழைத்து வளைத்துப் பார்த்தார். வளைந்தது. அமுக்கிப் பார்த்தார். அமுங்கவில்லை.

அக்கா அதை வாங்கித் தானும் அமுக்கினாள். "கம்பெனிக்காரன் பாத்தா உங்களைத் தூக்கிட்டுப் போயிடுவான்."

"ஏன், ஹெட்டைக் கழட்டவா?" என்றார் அவர்.

மாட்டினார்கள். குளிர்விப்பான் திரவம் கலந்த தண்ணீரை ஊற்றி, காற்று வெளியேறும்வரை காத்திருந்து, குறைந்ததை நிரப்பினார்கள். ஹாரனை மிதிக்கச் சொல்லி, அக்கா இந்தத் தடவை கண்ணால் பார்த்தாள். என்ஜின் எவ்வளவு கத்தினாலும் ஹோஸ் உருண்டையாகவே இருந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் மூன்று பேரும் நெடுஞ்சாலைக்குப் போனார்கள். பின் சீட்டில் பத்தவைப்பு, கால் மாட்டில் ஒரு கேன் தண்ணீரோடு. முன் சீட்டில் அக்கா. கட்டடங்கள் குறைந்து, இரண்டு பக்கமும் வெறும் வெளி வந்தது. ஹாரன் வேகத்தைக் கூட்டினான். முள் நடுவுக்கு வந்தது. அங்கேயே நின்றது. அவன் இன்னும் மிதித்தான். லாரிகள் பின்னால் போயின. முதல் தடவை நின்ற பெட்ரோல் பங்க் வந்தது, போனது. இரண்டாம் தடவை அதிகாரி அம்மாள் குடை பிடித்து நின்ற மரம் வந்தது, போனது. முள் சுவரில் அடித்த ஆணி மாதிரி இருந்தது.

"போதும், திருப்பு" என்றாள் அக்கா.

"கொஞ்ச தூரம் அண்ணி. இன்னும் கொஞ்சம்."

பின்னால் பத்தவைப்பு கேனைத் திறந்து, ஒரு மடக்குக் குடித்தார். "வீணாப் போகக் கூடாதில்ல" என்றார்.

மறுநாள் சாயங்காலம் தெருமுனையில் கார் திரும்பும்போதே சேதி தெரிந்துவிட்டது. காரின் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தான், வாழ்க்கையில் முதல்முறையாக. இறங்கியதும் வாயாலும் ஒருமுறை சொன்னான். எல்லாப் பம்ப் நிலையமும் பார்த்தாயிற்று, எங்கேயும் நிற்கவில்லை, அந்த அம்மாள் பின் சீட்டில் தூங்கிக்கூடப் போனார், அடுத்த வாரமும் இதே கார்தான். எதிர் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "சந்தோஷம் தம்பி" என்றார்.

அக்காவின் பழக்கத்தில் அன்றிலிருந்து ஒரு சின்ன மாற்றம். வலது கை மேலே, இடது கை கீழே, முகம் தெருவுக்கு, அதெல்லாம் அப்படியேதான். அதற்குப் பிறகு முகத்தைத் திருப்பிக் கீழ் ஹோஸைப் பார்த்துக்கொண்டு, டிரைவர் சீட்டில் இருப்பவரிடம், "கொஞ்சம் கோவப்படுங்க" என்பாள். புரியாமல் விழிக்கிறவர்களுக்கு, "காலால" என்று சேர்த்துச் சொல்வாள்.

வெகுநாள் கழித்து ஹாரனின் மனைவி, ரேடியேட்டர்கள் சாய்ந்து நிற்கிற சுவரோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் அந்த விஷயம் வந்தது. இரண்டாம் தடவை கார் நின்றபோதே அதிகாரி அம்மாள் வேறு காருக்குச் சொல்லிவிட்டாராம். மூன்றாவது வாய்ப்பு தானாக வரவில்லை. கண்ணாடிக் கடைக்காரர், யாரிடமும் சொல்லாமல், குடிநீர் வாரிய அலுவலகத்துக்குப் போய் வராந்தாவில் காத்திருந்து வாங்கி வந்தது அது.

"எங்கப்பா அங்க போய் என்ன சொல்லியிருக்காரு தெரியுமாக்கா? 'அம்மா, என் மாப்பிள்ள ரொம்ப நல்லவர், ஆனா என் கடை முழுக்கக் கண்ணாடி. அவரு அங்க உக்காந்து ஒரு நாள் பேசினா நான் என்ன ஆவேன்? தயவுபண்ணி இன்னும் ஒரே ஒரு தடவை அவரோட கார்ல போங்க.' அந்தம்மா சிரிச்சு சிரிச்சு ஒத்துக்கிட்டாங்களாம்."

அக்காவும் சிரித்தாள். பிறகு, "அப்ப அந்த ஸ்டூலு?" என்று கேட்டாள்.

அப்படி ஒரு ஸ்டூலை அவர் வாங்கவே இல்லை.